ஓத உருகிய தலத்தில் ஒலி காக்கும் நெறி

காஞ்சி மாநகரின் மேற்குப் பகுதியில், தெருதோறும் பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் பிள்ளையார்பாளையத்தில் கோயில் கொண்டருள்கிறார் அருள்மிகு திருமேற்றளிநாதர். 'தளி' என்பது கோயிலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மேற்குத் திசையில் அமைந்த கோயிலாதலின் இது மேற்றளி ஆயிற்று. அப்பர் பெருமானும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் பதிகம் பாடிப் பரவிய திருத்தலம் இது.

இவ்வாலயத்தினுள் ஓதவுருகீசர் என்னும் திருநாமத்துடன் மற்றொரு சன்னிதியும் உண்டு. திருமால் சிவசாரூபம் வேண்டி இங்கே தவமிருந்தார் என்றும், திருஞானசம்பந்தப் பெருமான் எழுந்தருளிப் பதிகம் பாடியபோது அவ்விசையில் உள்ளம் உருகி அவர் இலிங்கத் திருமேனியாகவே ஆனார் என்றும் தலவரலாறு கூறுகிறது. திருமேனி முழுவதும் உருகி வருகையில் பதிகம் நிறைவுற்றதாம். பாடல் நின்ற அக்கணத்தில் உருகாமல் எஞ்சியவை திருவடிகள் மட்டுமே. இலிங்கத்தின் முன்னே அத்திருவடிகளை இன்றும் நாம் தரிசிக்கலாம். அப்பாடலை இறைவன் கூர்ந்து செவிமடுத்ததன் நினைவாக, உற்றுக்கேட்ட முத்தீசர் என்னும் திருநாமம் தாங்கிய ஆலயம் ஒன்றும் அத்தெருவிலேயே இருக்கிறது. பாடுவோரைப் போற்றும் ஊர்கள் பல. கேட்டவருக்கும் ஓர் ஆலயம் கண்ட ஊர் எங்கள் பிள்ளையார்பாளையம்.

ஆயினும் அன்பர்களே, ஒன்றை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. திருமாலையே உருக்கிய அந்தப் பதிகம் எங்கே? அப்பர் பாடியதும் சுந்தரர் பாடியதும் நம் கையில் உள்ளன. சம்பந்தப் பெருமான் மேற்றளியில் பாடியது மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. திருவடிகள் எஞ்சின, அவற்றை எஞ்சச் செய்த பாடல் எஞ்சவில்லை.

ஏட்டில் இழந்ததும் கல்லில் கிடைத்ததும்

தேவாரம் மீண்ட வரலாற்றை வாசகர்கள் நன்கறிவர். நம்பியாண்டார் நம்பி, திருநாரையூர்ப் பொல்லாப் பிள்ளையாரின் அருளால், ஏடுகள் தில்லைத் திருக்கோயிலின் அறையில் இருப்பதை அறிந்தார். சோழ மன்னனுடன் சென்று அறையைத் திறந்தபோது கறையான் புற்று மூடிக் கிடந்தது. மூவரும் அருளிய பதிகங்கள் ஒரு லட்சத்து மூவாயிரம் என்பது மரபு. நம் கைக்கு வந்தவை எண்ணூறுக்கும் குறைவு.

எஞ்சியவற்றிற்கும் பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் திருஎருக்கத்தம்புலியூரில் இருந்தார். அவர் வாயிலாகவே பண்முறை அமைந்தது என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. சொல்லை ஏடு காத்தது. இசையை ஓர் உயிர்தான் காத்தது. பிற்காலத்தில், 1917-ஆம் ஆண்டு, திருவிடைவாய் என்னும் தலத்தில் கல்வெட்டிலிருந்து சம்பந்தர் பதிகம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கல் காத்துக் கொடுத்ததும் சொல்லையே. பாடியவரின் குரலை ஓலையும் கல்லும் காக்க இயலாது.

குரலைக் காக்கும் கருவிகள் நம் காலத்தில்தான் வந்தன. அவை நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்ட பிறகு, கறையானின் வேலையை நாமே செய்துவிடலாகாது அல்லவா? நான் ஒருமுறை செய்துவிட்டேன். அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

எங்கள் இல்லத்துக் கதை

என் தந்தையார் பட்டு நெசவாளர். பகலெல்லாம் தறியில் இருப்பார். மாலையில் நீராடித் திருநீறணிந்து திருமேற்றளிக்குச் சென்று தேவாரம் ஓதுவார். மேடையேறிய பாடகரல்லர், ஓதுவாமூர்த்தி ஒருவரிடம் இளமையில் கேட்டுப் பயின்றவர். 1986-ஆம் ஆண்டு மகாசிவராத்திரியன்று இரவு அவர் பாடியதை, என் சிறிய தந்தையார் தம்மிடமிருந்த டூ-இன்-ஒன் டேப் ரிகார்டரில் பதிவு செய்தார். அறுபது நிமிடக் கேசட் ஒன்று. தந்தையார் மறைந்த பின்னர் அக்கேசட்டே எங்களுக்கு அவர் குரலாயிற்று.

இருபது ஆண்டுகள் சென்றன. கேசட்டுப் போடும் கருவி வீட்டில் பழுதாயிற்று. கேசட்டிலிருந்து சி.டி.க்கு மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் அதையும் வேறு பல பக்திப் பாடல் கேசட்டுகளையும் கொடுத்தோம். 'எல்லாவற்றையும் எம்.பி.3 ஆக்கி ஒரே தட்டில் அடக்கிவிடலாம்' என்றார் கடைக்காரர். இடம் மிச்சம் என்று நாங்களும் மகிழ்ந்தோம். தட்டு வீட்டிற்கு வந்தது. பாடியது. அடுத்த பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது, பழைய கேசட்டுகள் குப்பைக்குச் சென்றன. அவற்றை எடுத்து வெளியே வைத்தவன் நானே.

பல மாதங்கள் கழித்து, ஓரிரவு அமைதியாக அமர்ந்து அத்தட்டைக் கேட்டேன். தந்தையாரின் சொற்கள் கேட்டன. ஆனால் சுருதிப் பெட்டியின் ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நெளிந்தது. ஜால்ராவின் ஓசை சலசலத்தது. அர்த்தசாம மணி ஒலித்து மெல்ல மெல்ல அடங்கும் இடத்தில், அந்தக் கார்வை துண்டு துண்டாக அறுந்தது. இரண்டு பதிகங்களுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கும் ஓசை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அது மறைந்து போயிருந்தது.

எங்கே தவறினோம் என்று அறியப் பொறியியல் படித்த என் பேரனை நாடினேன். அவன் விளக்கியதை, எங்கள் ஊர் மொழியிலேயே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஜக்கார்டு அட்டையும் ஒலிக்கோப்பும்

பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பார் உருவாக்கிய முறை அது. வரிசையாகக் கோத்த அட்டைகளில் துளைகள் இருக்கும். துளை உள்ள இடத்தில் பாவு இழை உயரும். துளையில்லாத இடத்தில் உயராது. துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே குறிகளால் மயிலும் மாங்காயும் அன்னமும் சேலையில் பிறக்கின்றன.

கணினியில் ஒலி இருப்பதும் இவ்வாறே. ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகள். சி.டி. தட்டில், ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 குறிகளால் எழுதுகிறார்கள். இடம், வலம் என இரு தடங்களுக்கும் தனித்தனியே எழுத வேண்டும். ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஏறக்குறைய 635 மெகாபைட் இடம் தேவைப்படும். இத்தனை அட்டைகளை எங்கே அடுக்குவது? ஆதலால்தான் சுருக்கம் என்னும் கலை தோன்றியது. அதில் இரண்டு நெறிகள் உண்டு.

முதல் நெறி, கழித்துச் சுருக்குவது. ஆலய மணி ஒலிக்கும்போது அருகிலிருப்பவர் மெல்லப் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. பெரிய ஒலி சிறிய ஒலியை மறைக்கிறது. இவ்வாறு செவிக்குப் புலப்படாது என்று கணித்தவற்றைக் கழித்துவிட்டு எஞ்சியதை எழுதுவதே எம்.பி.3 முறை. ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் ஆய்வு நிறுவனம் இதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு கொண்டது, எம்.பி.3 என்னும் பெயர் 1995-ஆம் ஆண்டு வழக்கிற்கு வந்தது. நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் ஒரு மணி நேரப் பாட்டு 58 மெகாபைட்டில் அடங்கும். அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. எங்கள் தட்டிலோ அது 64 கிலோபிட். இருபத்திரண்டில் ஒரு பங்கு! அத்தனை நெருக்கினால், கேளாதவற்றோடு கேட்பவையும் சேர்ந்து போகும். தம்புராவின் ஜீவாவும், ஜால்ராவின் மினுக்கமும், மிருதங்கச் சொல்லின் கூர்மையும், மணியின் கார்வையும் முதலில் பழுதடையும். ஒருமுறை கழித்தது கழித்ததே. அதை மீட்க எந்தக் கருவியாலும் இயலாது.

இரண்டாம் நெறி, மடித்துச் சுருக்குவது. இதனை இழப்பில்லாச் சுருக்கம் என்பர். அனுபவமுள்ள நெசவாளர் ஒருவர், கரையில் ஓடும் பூவேலையின் முதற் சில வரிகளைக் கண்டதும் அடுத்த வரி எப்படி வரும் என்று சொல்லிவிடுவார். அவர் கணிப்புச் சரியாக இருக்கும் இடங்களை எழுதி வைக்க வேண்டியதில்லை. கணிப்புத் தவறும் இடத்தில் எவ்வளவு வேறுபாடு என்பதை மட்டும் குறித்தால் போதும். அக்குறிப்பைக் கொண்டு முழுச் சேலையையும் ஓர் இழை பிசகாமல் மீண்டும் நெய்துவிடலாம். ஒலியும் அத்தகையதே. சுருதி நின்று ஒலிக்கையில் அடுத்த அளவு எதுவாகும் என்பதை முந்தைய அளவுகளிலிருந்து கணக்கிட முடிகிறது. கணக்கிற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகிறார்கள். விரிக்கும்போது, பழைய ஒன்றுகளும் சுழிகளும் ஒன்றுகூடக் குறையாமல் வந்து நிற்கின்றன.

பட்டுச் சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பதுபோல என்று கொள்ளுங்கள். மடித்தால் இடம் குறைகிறது. விரித்தால் முந்தியும் உடலும் கரையும் முழு நீளத்தில் இருக்கின்றன. எம்.பி.3 என்பதோ, உள்ளே மறையும் பகுதிதானே என்று கொசுவத்துத் துணியை வெட்டிவிட்டுக் கொடுப்பது. உடுத்தினால் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அது முழுச் சேலையன்று.

இழப்பில்லா முறைகளுள் பெரிதும் வழங்குவது ஃபிளாக் என்பது. ஜாஷ் கோல்சன் என்பவர் உருவாக்கிய இதன் முதல் நிறைவான பதிப்பு 2001-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் ஏலாக் என்னும் தன் முறையைக் கொணர்ந்தது. ஃபிளாக் முறையில், சி.டி. அளவுள்ள ஒரு மணி நேரப் பாட்டு பெரும்பாலும் 300 முதல் 400 மெகாபைட் வரை வரும். எம்.பி.3-ஐ விடப் பெரிதுதான். ஆனால் எதுவும் போகவில்லை.

செவிக்கு வேறுபாடு தெரியுமா?

இங்கே உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 256 அல்லது 320 கிலோபிட் அளவில் நன்கு செய்யப்பட்ட எம்.பி.3-ஐயும் இழப்பில்லாக் கோப்பையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தால், பெரும்பாலோர்க்கு வேறுபாடு தெரிவதில்லை. நம் போன்ற முதியவர்க்கு இன்னும் அரிது. முதுமையில் முதலில் மங்குவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறனே. 'இழப்பில்லாக் கோப்பில் கேட்டால் அம்பாளே நேரில் வந்தாற்போல் இருக்கும்' என்று யாரேனும் சொன்னால், அதை அவருடைய பக்தியின் மிகுதி என்று கொள்க.

நாள்தோறும் விடியலில் கேட்கும் சுப்ரபாதத்திற்குச் சிறு கோப்பே போதும். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963-இல் வெளிவந்தது. அதன் படிகள் லட்சோப லட்சம் இல்லங்களில் உள்ளன. நம் வீட்டுப் படி கெட்டாலும் வேறொன்று வாங்கலாம்.

ஆனால் உலகில் ஒரே ஒரு படி மட்டும் உள்ள பதிவு நம்மிடம் இருந்தால்? தாத்தா ஓதிய தேவாரம், பாட்டி பாடிய ஊஞ்சல் பாட்டு, ஊர்த் திருவிழாவில் ஒலித்த நாதசுரம், கும்பாபிஷேகத்தன்று வேத பாராயணம். இவற்றிற்கு வேறு கடை இல்லை. இவற்றுக்கு நாமே கடைசி அறை. நாமே கடைசிக் காவலர். இத்தகைய பதிவுகளுக்குத்தான் இழப்பில்லாச் சுருக்கம் இன்றியமையாதது. அது இன்றைய நம் செவிக்காக அன்று. நாளை வருபவரின் கைக்கு மூலப்படி முழுமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

மூலப்படியின் மேன்மை மூன்று

முதலாவது, மூலத்திலிருந்து எத்தனை படி எடுத்தாலும் தேய்வதில்லை. எம்.பி.3 கோப்பை வேறொரு வகைக்கு மாற்றும்போது மீண்டும் கழிக்கப்படுகிறது. அதை மாற்றினால் இன்னும் கழியும். ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தவர் பிழையோடு, அப்படியைப் பார்த்து எழுதியவர் பிழையும் சேர்வதுபோல. மூலம் முழுதாக இருந்தால், கைபேசிக்குச் சிறு கோப்பு, குறுந்தட்டுக்கு வேறு கோப்பு, நாளை வரப்போகும் கருவிக்கு அதற்கேற்ற கோப்பு என எதை வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம்.

இரண்டாவது, பழுதைக் கண்டுபிடிக்கும் வழி. வேதம் ஓதும் முறைகளை எண்ணிப் பாருங்கள். சம்ஹிதை, பதம், கிரமம், ஜடை, கனம் எனச் சொற்களை முன்னும் பின்னுமாகக் கோத்து ஓதுவர். ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் கனபாடத்தில் அது அகப்பட்டுக்கொள்ளும். எழுதா மறையை ஆயிரமாயிரம் ஆண்டுகள் காத்தது அந்தச் சரிபார்ப்பு. ஃபிளாக் கோப்பிலும் ஏறத்தாழ அத்தகைய ஏற்பாடு உண்டு. மூல ஒலியின் எண்களையெல்லாம் கணக்கிட்டு ஒரு முத்திரை எண் கோப்பினுள்ளேயே பொறிக்கப்படுகிறது. பத்தாண்டு கழித்து விரித்துக் கணக்கிட்டால் அதே எண் வர வேண்டும். வரவில்லையெனில், கோப்பில் எங்கோ பழுது நேர்ந்துள்ளது என்று அறிந்து வேறு படியை நாடலாம்.

மூன்றாவது, அது பொதுச்சொத்து. ஃபிளாக் எந்த நிறுவனத்தின் தனியுரிமையும் அன்று. அதன் இலக்கணம் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. 2024 டிசம்பரில் அது முறையான இணையத் தரநிலை ஆவணமாகவும் வெளிவந்தது. ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும், எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் இருப்பர். வாசிக்க ஆளில்லாத எழுத்தில் எழுதிய ஏடு, கறையான் அரித்த ஏட்டிற்குச் சமம்தானே?

காஞ்சி இழந்த குரல்

இதே காஞ்சியில் வாழ்ந்தவர் சங்கீத மேதை காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889-1934). லய ஞானத்தில் சிங்கம். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் சூழ அவர் பல்லவி பாடியதைப் பெரியவர்கள் கதையாகச் சொல்வர். காஞ்சியில் தியாகராஜ உற்சவத்தைச் சிறப்பாக நடத்தியவர். அவருடைய தாயார் மரபினரான காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் பாட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே கிராமபோன் இசைத்தட்டில் ஏறியது. ஆனால் நாயனா பிள்ளை இசைத்தட்டுக்குப் பாடவே இசையவில்லை. அவர் குரலைக் கேட்க இன்று நமக்கு வழியில்லை.

அவர் கற்பித்தவை மறையவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் பயின்றார். வீணை தனம்மாளின் பேத்தியரான பிருந்தாவும் முக்தாவும் இளமையில் காஞ்சியில் அவரிடம் பாடம் கேட்டனர். காஞ்சியில் பிறந்த டி.கே. பட்டம்மாள் அம்மையார் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். பாட்டு சீடர் வழியே வந்தது, குரல் வரவில்லை. யாழ்ப்பாணர் மரபுப் பெண்மணி காத்துக் கொடுத்ததும் அதுவே அல்லவா? குரு சிஷ்ய பரம்பரைதான் முதற்காப்பு. ஒலிப்பதிவு அதற்குத் துணைக்காப்பு. ஒன்று இருக்கிறதென்று மற்றொன்றைக் கைவிடலாகாது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

வீட்டில் பழைய கேசட்டு வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்:

● கேசட்டின் மேல்விளிம்பில் இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன்மேல் வேறொன்று பதிவாகாது.

● வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஸ்பீக்கர் போன்ற காந்தப் பொருள்களிடமிருந்து விலக்கி வையுங்கள். பூஞ்சை படர்ந்திருந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டா, அறிந்தவரிடம் காட்டுங்கள்.

● நல்ல நிலையிலுள்ள டெக்கில், ஹெட்டைத் துடைத்துச் சுத்தம் செய்தபின், ஒயர் வழியாக நேரே கணினிக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் முன் கைபேசியை வைத்துப் பதிவது மூலப்படி ஆகாது.

● நொடிக்கு 48,000 அளவுகள், 24 பிட் என்பதே ஒலிக் காப்பகங்கள் குறைந்த அளவாகக் கொள்ளும் தரம். அவ்வாறு பதிந்ததை ஃபிளாக் கோப்பாகத் தரும்படி கேளுங்கள்.

● இரைச்சலை நீக்குவதானால், படியில் நீக்குங்கள். மூலத்தில் கைவைக்க வேண்டா. இரைச்சலோடு மூச்சும் போய்விடும்.

● பழைய எம்.பி.3-ஐ ஃபிளாக் ஆக மாற்றுவதால் பயனில்லை. வெட்டிய துணியைப் பெரிய பெட்டியில் வைத்தால் முழுச் சேலை ஆகிவிடாது. எம்.பி.3 மட்டுமே எஞ்சியிருந்தால், அதை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

● மூன்று படிகள் வையுங்கள்: ஒன்று ஹார்டு டிஸ்க்கில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வெளியூரிலுள்ள மகன் அல்லது மகள் வீட்டில். இழப்பில்லாக் கோப்பும் கருவி பழுதானால் அழியும். 64 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் சி.டி. தரத்தில் 150 மணி நேரத்திற்குக் குறையாமல் வைக்கலாம். இடமில்லை என்னும் பழைய காரணம் இன்று இல்லை.

● வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்னும் வழியில் அனுப்பினால் கோப்பு உள்ளபடியே செல்லும்.

● பாடியவர் பெயர், ஊர், நாள், பதிகம், பண், உடனிருந்தோர் ஆகியவற்றை எழுதி உடன் வையுங்கள். பெயரில்லாக் குரல் மூன்றாம் தலைமுறையில் அநாதையாகும்.

● அனைத்தும் முடிந்த பின்னும் கேசட்டை எறியாதீர்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு மிகுதியாகவே உண்டு.

ஆரணியில் கிடைத்த பெட்டி

சென்ற ஆண்டு என் அக்காள், ஆரணியில் தம் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, கல்யாணப் பத்திரிகைகளுக்கும் பழைய பஞ்சாங்கங்களுக்கும் அடியில் ஒரு கேசட் கிடைத்தது. 'அப்பா பாடினது மாதிரி இருக்குடா, நீயே வந்து பார்' என்று தொலைபேசியில் சொன்னார். சிவராத்திரிப் பதிவு அன்று அது. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏதோ ஒரு மாலையில், பேரப்பிள்ளைகளுக்காகத் தந்தையார் பாடியது. இருபது நிமிடங்களே இருக்கும்.

இம்முறை அவசரப்படவில்லை. என் பேரன் விசாரித்து, நல்ல டெக் வைத்திருக்கும் ஒருவரிடம் அழைத்துச் சென்றான். ஒரே ஓட்டத்தில் பதிவாயிற்று. மூன்று ஃபிளாக் படிகள்: காஞ்சியில் இரண்டு, ஆரணியில் ஒன்று. கேசட் இப்போது எங்கள் பூசையறை அலமாரியில் இருக்கிறது.

அன்று மாலை குடும்பமாக அமர்ந்து கேட்டோம். கேசட்டின் இரைச்சல் அப்படியே இருந்தது. இழப்பில்லா முறை குறைகளையும் சேர்த்தே காப்பது. தந்தையார் ஒரு பதிகத்தை முடித்து நிறுத்தினார். மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில், மிக மெலிதாக, எதிர்வீட்டுத் தறி 'கடக், கடக்' என்று ஓடிக்கொண்டிருந்தது. 'இது நம்ம தெரு சத்தம்தானே தாத்தா?' என்றான் பேரன். ஆம், எங்கள் தெருவேதான். அந்த வீட்டில் இன்று தறி இல்லை. பெரிய ஒலியின் நிழலில் மறையும் சிற்றொலிகளைக் கழிக்கும் முறையில் பதிந்திருந்தால், முதலில் கழிந்திருக்கக்கூடியது அந்தத் தறியின் ஓசைதான்.

சிவராத்திரிக் கேசட்டின் சிறு கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதில் தந்தையாரின் சொற்களேனும் எஞ்சியிருக்கின்றன.

மறுநாள் திருமேற்றளிக்குச் சென்றேன். ஓதவுருகீசர் சன்னிதியில் தீபாராதனை நடந்தது. கற்பூர ஒளியில் இலிங்கத் திருமேனியையும், முன்னே திருவடிகளையும் கண்டு தொழுதேன். பாடியது போயிற்று, கேட்டதன் அடையாளம் நிற்கிறது என்று இதுவரை எண்ணி வருந்துவேன். அன்று வேறொன்று தோன்றியது. எஞ்சியதைக் காத்து நமக்குக் காட்டியவர்களும் நம் போன்ற அடியார்களே அல்லவா?

உங்கள் இல்லத்துப் பரணில், அலமாரியில், டிரங்குப் பெட்டியின் அடியில் அத்தகைய குரல் ஏதேனும் காத்திருக்கலாம். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். இழை குறையாமல் மடித்து வைத்துப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். உற்றுக் கேட்டருளும் முத்தீசர் துணை நிற்பார்.